தோஹாவின் பழைய சந்தையில் நாங்கள் கண்டது

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பேராதனையில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் ஓர் உரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது ஒரு நிபந்தனையும் சேர்த்தே சொன்னார். "சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களைப் பயமுறுத்த வேண்டாம். எங்கேயாவது போய் வந்த கதையைச் சொல்லுங்கள்" என்றார். எங்கள் வகுப்பில் வைத்தியர்கள் கொஞ்சம் அதிகம். அதனால் அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. எனவே போய் வந்த கதையையே சொல்கிறோம். கடைசியில் சங்கத்திடம் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழிகள் ஆறு பேர் கட்டாருக்குப் போனோம். ஏழாவது தோழி அங்கே தோஹாவில் குடும்பத்தோடு இருக்கிறார். வேலை, பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்த எங்களை நாற்பது வயதுக்குப் பிறகு ஒரே வீட்டில் ஐந்து நாள் தங்க வைத்த புண்ணியம் அவருக்கே சேரும். உயர்ந்த கட்டிடங்களையும் பெரிய கடைத்தொகுதிகளையும் காட்டினார். ஆனால் மூன்று மாலைகள் நாங்கள் விரும்பிப் போன இடம் ஒன்றுதான். அது சூக் வாகிஃப் என்ற பழைய சந்தை.

சூக் என்றால் அரபு மொழியில் சந்தை. வாகிஃப் என்றால் நிற்பது. இரண்டையும் சேர்த்தால் 'நிற்கும் சந்தை'. அந்த இடத்தில் அந்தக் காலத்தில் முஷைரிப் என்ற ஓடை கடலைச் சந்தித்தது. வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓடை மழை பெய்தால் பெருகும். கடலும் ஏறி வரும். சரக்கைக் கீழே பரப்பி உட்கார இடமில்லாமல் வியாபாரிகள் நின்றபடியே விற்றார்களாம். அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். பாலைவனத்துப் பதுவினர் ஆடும் கம்பளியும் கொண்டுவருவார்கள். கடல் வழியே வந்தவர்கள் அரிசியும் துணியும் வாசனைச் சரக்கும் இறக்குவார்கள். இரண்டு பக்கமும் சந்தித்துக்கொண்ட கரை அது.

எண்ணெய்ப் பணம் வந்த பிறகு இந்தச் சந்தை தேய்ந்துபோயிற்று. 2003ஆம் ஆண்டு ஒரு தீ விபத்தில் பெரும்பகுதி சேதமானது. இடித்துவிட்டுப் புதிய கட்டிடம் எழுப்பாமல், பழைய படங்களையும் முதியவர்களின் நினைவுகளையும் துணையாகக் கொண்டு, முகம்மது அலி அப்துல்லா என்ற கலைஞரின் பொறுப்பில் அதைத் திருத்தி எடுத்தார்கள். 2008ஆம் ஆண்டளவில் வேலை முடிந்தது. மண் பூச்சுச் சுவர்கள், கூரைக்கு மரக்கம்புகள், அவற்றின் மேல் மூங்கில் பாய், குறுகலான சந்துகள், சந்துகள் வந்து சேரும் திறந்த முற்றங்கள் என்று இன்றைக்குப் பார்த்தால் நூறு வருடம் பழையதுபோலத் தோன்றுகிறது. மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டு, வெயில் தணிந்த பிறகு திறக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அந்த முற்றங்களில் நம் ஊர்த் தேர்த்திருவிழாக் கூட்டம்தான்.

வல்லூறுகளுக்கு அங்கே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கண்ணை மூடித் தோல் தொப்பி போட்ட பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே வல்லூறு வைத்தியசாலை. எங்களில் இருவர் வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்பவர்கள். இவ்வளவு அமைதியாக முறை வரும்வரை காத்திருக்கும் நோயாளர்களைத் தாங்கள் கண்டதேயில்லை என்றார்கள். வளைகுடா நாடுகளில் அந்தப் பறவைகளுக்குக் கடவுச்சீட்டும் கொடுக்கிறார்கள். எல்லை தாண்டும்போது வளர்ப்பவர் அதைக் கையில் வைத்திருப்பார்.

வாசனைச் சரக்குச் சந்துக்குள் நுழைந்தபோது நாங்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் நின்றோம். மூக்கு எங்களை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. ஏலக்காய், கராம்பு, சாதிக்காய், வசுவாசி, மிளகு, கறுவா எல்லாம் சாக்குகளில் வாயைத் திறந்து வைத்திருந்தன. இங்கே பேராதனைப் பூந்தோட்டத்தின் வாசனைத் திரவியப் பகுதியில், பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக நடந்துபோய், ஒவ்வோர் இலையாகக் கசக்கி மணந்து பார்த்தவர்கள் நாம். அந்தத் தோட்டம் 1821இல் தொடங்கியது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் பேராதனையில்தான் இருக்கிறது. கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களில் காய்க்கும் கராம்பும் சாதிக்காயும் இப்படிப்பட்ட சந்தைகளுக்குத்தான் போய்ச் சேர்கின்றன.

இந்த வியாபாரம் இன்று நேற்று வந்ததல்ல. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கர் ஹெரொடோட்டஸ், கறுவா எப்படிக் கிடைக்கிறது என்று அரபிகள் சொன்ன கதையை எழுதி வைத்திருக்கிறார். பெரிய பறவைகள் எங்கிருந்தோ கறுவாக் குச்சிகளைக் கொண்டுவந்து செங்குத்தான மலையில் கூடு கட்டுமாம். மனிதர்கள் கீழே பெரிய இறைச்சித் துண்டங்களைப் போடுவார்களாம். பறவைகள் அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூட்டில் வைக்க, பாரம் தாங்காமல் கூடு உடைந்து குச்சிகள் கீழே விழுமாம். விலை ஏற்றுவதற்கு நல்ல கதை. சரக்கு எந்த ஊரில் விளைகிறது என்று வாங்குபவருக்குத் தெரியக்கூடாது அல்லவா?

இன்றும் அந்தச் சந்தையில் கறுவா வாங்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். தடித்து, ஒற்றைப் பட்டையாகச் சுருண்டு, கையால் முறிக்கக் கடினமாக இருப்பது பெரும்பாலும் காசியா என்ற வேறு மரத்தின் பட்டை. நம் நாட்டுக் கறுவா கடதாசிபோல மெல்லியது, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுருள் இருக்கும், கையாலேயே நொறுங்கும். காசியாவில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக இருக்கிறது. அதைத் தினமும் நிறையச் சாப்பிட்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம். சீனி குறையும் என்று கரண்டி கரண்டியாகக் கறுவாத்தூள் குடிப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே சிலர் இருப்பீர்கள். செயலாளர் மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குத் தீட்டும் சுர்மா, குஹ்ல் என்று சிறிய குப்பிகளில் அழகாக விற்கிறார்கள். அவற்றில் பல ஈயம் கலந்த கல்லை அரைத்துச் செய்தவை. குழந்தையின் கண்ணுக்கு வைத்தால் ஈயம் உடம்பில் சேரும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேரப்பிள்ளைக்கு என்று ஆசையாக வாங்கி வர வேண்டாம்.

சாம்பிராணிக் கடையில் ஒரு புதினம் அறிந்தோம். பால் நிறத்தில் கட்டி கட்டியாக அவர்கள் லுபான் என்று விற்பது ஓமானின் தோஃபார் பகுதியிலும் யேமனிலும் சோமாலியாவிலும் மரத்தைக் கீறி எடுக்கும் பிசின். நம் தேவாலயங்களில் புகைக்கும் குந்திரிக்கம் அதுதான். நாம் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் போடும் சாம்பிராணி வேறு மரம், சுமாத்திராப் பக்கத்துச் சரக்கு. அதற்கு அரபிகள் வைத்த பெயர் லுபான் ஜாவி, அதாவது ஜாவாவின் குந்திரிக்கம். கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே வீதியில் இருக்கும் கண்டியில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கடை வாசல் அந்நியமாகவே தோன்றவில்லை.

ஊத் என்ற அகில் கட்டைக்கு அங்கே தங்கத்தோடு ஒப்பிடக்கூடிய விலை. நம் நாட்டு ஈரவலயக் காடுகளில் வளரும் வல்லப்பட்டையைத் திருட்டுத்தனமாக வெட்டி, பயணப் பெட்டியில் ஒளித்து, கட்டுநாயக்காவில் சுங்கப் பகுதியினரிடம் அகப்படும் செய்தியை அடிக்கடி பத்திரிகையில் பார்க்கிறோமே, அது போய்ச் சேர நினைக்கும் இடங்களில் இப்படிப்பட்ட கடைகளும் உண்டு.

சகோதரிகளே, அரபு நாட்டுக்கும் நம் தீவுக்கும் உள்ள போக்குவரத்து மிகப் பழையது. 1344ஆம் ஆண்டு இபுன் பதூதா புத்தளம் பக்கமாக வந்து இறங்கி, யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு சிவனொளிபாத மலைக்குப் போனார். கரையெல்லாம் கறுவாக் கட்டை குவிந்து கிடந்ததை எழுதினார். நூறு வருடத்துக்குச் சற்று முன்வரை மன்னார்க் கரையில் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், தென்னிந்தியாவிலிருந்தும் நம் கரைகளிலிருந்தும் வந்தவர்களோடு வளைகுடா அரபிகளும் கடலில் மூழ்கினார்கள். பிறகு 1930களில் யப்பானின் வளர்ப்பு முத்து வந்து வளைகுடாவின் முத்துத் தொழிலைச் சாய்த்தது. எண்ணெய்ப் பணம் வரும்வரை அந்தக் கரைகளில் கடும் பஞ்சம். பிழைப்புக்காக நம் கரைக்கு வந்தவர்களின் நாட்டுக்கு இன்று பிழைப்புக்காக நாம் போகிறோம். சக்கரம் சுற்றுகிறது.

கண்டிக்கும் ஒரு பங்கு உண்டு. எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து தோற்ற ஒராபி பாஷாவை 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். கொழும்பில் இருந்தவர் பின்னர் கண்டிக்கு வந்து, 1901இல் தாயகம் திரும்பும்வரை இங்கேயே வாழ்ந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் இருந்த வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. அவருக்கு நெருக்கமாக இருந்தவர் கண்டியின் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும், 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலைத் தந்தவரும் அவரே. அந்த நாவலின் கதை எகிப்தில் தொடங்குகிறது. பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று பலரும் ஏற்காத காலத்தில், கண்டியில் அதற்காகக் குரல் கொடுத்தவரும் அவர்தான். நூறு வருடம் கொண்டாடும் ஒரு பெண்கள் பாடசாலையின் மேடையில் அவர் பெயரைச் சொல்வது எமது கடமை.

இப்போது கோப்பிக்கு வருகிறோம்.

அந்தச் சந்தையில் எந்தக் கடைக்குப் போனாலும் கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் கஹ்வா நீட்டுகிறார்கள். இலேசாக வறுத்த கோப்பி, ஏலக்காய், சில வேளை குங்குமப்பூ, கூடவே ஒரு பேரீச்சம்பழம். போதும் என்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கோப்பி என்ற நம் சொல்லுக்கும் மூலம் இந்தக் கஹ்வாதான். உலகம் கோப்பி குடிக்கக் கற்றுக்கொண்டது யேமன் நாட்டவரிடமிருந்து.

அந்தச் செடி நம் வீட்டுக் கதையில் எங்கே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இதோ எதிரே இருக்கிற கன்னொருவையில் கோப்பித் தோட்டம் போட்டார். கம்பளைப் பக்கம் சிங்காபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் போட்டார். காட்டை வெட்டிக் கோப்பி நட ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து நம் மூதாதையர் கடல் தாண்டி, தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் இலை நோய் தலைகாட்டி, அடுத்த இருபது வருடத்தில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஆட்கள் மட்டும் அதே லயங்களில் இருந்தார்கள். 2023இல் அந்த வருகையின் 200 வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் போனார்கள். இங்கே இருப்பவர்களிலும் சிலர் கொஞ்ச தூரம் நடந்திருப்பீர்கள்.

அரபு நாட்டுச் செடி ஒன்றை நடுவதற்காக ஒரு காலத்தில் நம் பாட்டிமார் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுடைய பேத்திமார் இன்று அரபு நாட்டு வீடுகளில் அந்தக் கோப்பியை ஊற்றிக் கொடுக்கப் போகிறார்கள். இரண்டு பயணத்திலும் நம் பெண்கள் கூலிக்குப் போனவர்கள்தான். இதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை, அந்தச் சந்தையிலேயே கண்டோம்.

மூன்றாவது மாலை. முற்றத்தில் கட்டார் நாட்டுப் பெண்கள் வட்டக் கல்லில் ரகாக் என்ற மெல்லிய ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தையில் முதன்முதலாகக் கடை வைத்த பெண் ஷம்ஸ் அல் கஸ்ஸாபி என்பவர். வீட்டில் அரைத்த மசாலாவும் ஊறுகாயும் விற்கத் தொடங்கியவர் இன்று உணவகம் நடத்துகிறார். அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். சிவப்பு மேற்சட்டை போட்ட சுமை தூக்கும் முதியவர்கள் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியோடு எங்களைக் கடந்து போனார்கள். அங்கே அவர்களுக்கு ஹமாலி என்று பெயர். கொழும்புப் புறக்கோட்டையில் நாம் நாட்டாமை என்போமே, அதே வேலை. "நாட்டாமைமார் இங்கேயும் இருக்கிறார்கள்" என்று எங்களில் ஒருவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"அக்கா, நீங்க கண்டியா?"

திரும்பிப் பார்த்தோம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். இடுப்பில் ஓர் அரபுக் குழந்தை, மற்றக் கையில் இன்னொன்று. குடும்பத்தார் சற்றுத் தள்ளி ஒரு கடைக்குள் இருந்தார்கள். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் என்றார். தமிழ் கேட்டு எட்டு மாதம் ஆகிறது என்றார். அவரோடு பேசக் கிடைத்தது பத்து நிமிடந்தான், பாதிக் கண் கடை வாசலிலேயே இருந்தது.

கால் வீங்குவதாகவும் சிறுநீர் போகும்போது எரிவதாகவும் சொன்னார். தண்ணீர் குடித்தால் அடிக்கடி வேலையை விட்டுப் போக வேண்டும், அதனால் குடிப்பதில்லையாம். செய்ய வேண்டியதைச் சொன்னோம். எந்த வைத்தியசாலைக்குப் போகலாம் என்று தோஹாத் தோழி சொன்னார். கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டபோது, "மேடம்கிட்ட இருக்கு" என்றார். சம்பளம் ஒழுங்காக வருகிறது, அடி உதை இல்லை, அந்த அளவில் நல்ல வீடு என்றும் அவரே சொன்னார்.

பிறகு, மருந்தைவிட முக்கியமான விடயம் ஒன்றைச் சொன்னார்.

"மிஸ், ஊர்ல மக இருக்கா. தரம் ஒம்பது. போன மாசம் பெரிய மனுசியாகிட்டா. ஃபோன்லதான் பாத்தேன். பக்கத்துல அவ அப்பத்தாவும் தம்பியும் நிக்கிறாங்க. என்னத்தப் பேசுறது? அப்பத்தாவுக்கு ஏலாது. இப்ப சமையல், தண்ணி, தம்பியப் பாக்குறது எல்லாம் அவதான். இனி ஸ்கூலுக்குப் போகல்லன்னு சொல்றா. அவ படிக்கணும்னுதான் நான் வந்தேன். நான் வந்ததாலயே அவ படிப்பு நிக்கப் போகுது."

கடை வாசலில் குடும்பத்தார் தலை தெரிந்தது. மகளின் பாடசாலைப் பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் எங்கள் சாமான் பைக் கடதாசியில் எழுதித் தந்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அன்று வாங்கிய ஏலக்காயைவிட அந்தக் கடதாசியைப் பத்திரமாகக் கொண்டுவந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு எங்களில் இருவர் புசல்லாவைக்குப் போனார்கள். வகுப்பாசிரியையோடு பேசினார்கள். அப்பத்தாவின் மூட்டு நோவுக்கு மருந்து, காலையில் தம்பியைப் பாடசாலைக்குக் கூட்டிப்போக ஓர் அயல்வீட்டுப் பெண், மகளுக்குப் பயிற்சிக் கொப்பிகள், மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய் அவளோடு தனியாகப் பேச ஒரு தோழி. இவ்வளவுதான் செய்தோம். பிள்ளை இப்போதைக்குப் பாடசாலைக்குப் போகிறாள். சாதாரண தரம்வரை போவாளா, அதற்குப் பிறகும் படிப்பாளா என்பது இன்னும் நிச்சயமில்லை.

இதை ஒரு குடும்பத்தின் கதை என்று மட்டும் எண்ண வேண்டாம். இந்தப் பிரதேசத்து வைத்தியசாலைகளில் வேலை செய்யும் எங்களுக்கு அந்த வீடுகளின் மறுபக்கம் தெரியும். தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பாட்டி கூட்டி வருவார். மாதவிடாய்க் கோளாறு என்று வரும் பிள்ளைக்குக் கேட்க வேண்டிய கேள்வியைப் பாட்டியின் முன் கேட்க முடியாது. வயிற்று நோவு என்று வரும் பிள்ளைக்கு எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கும், நோவு மட்டும் இருக்கும். தாய் வரும் திகதி நெருங்கினால் அது தானாக மாறிவிடும்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. மூதூரின் ரிசானா நபீக்கை நாம் மறக்க மாட்டோம். பிறந்த ஆண்டை மாற்றிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளையின் தலையை 2013 ஜனவரி 9ஆம் திகதி வெட்டினார்கள். அதே 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மார் போவதைத் தடுக்கும் குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பொருளாதாரம் விழுந்த 2022இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். கட்டார் 2017இல் வீட்டுப் பணியாளருக்கான சட்டம் கொண்டுவந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை, வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு, வருடத்துக்கு மூன்று வாரம் விடுமுறை என்று அது சொல்கிறது. 2021 மார்ச் முதல் ஆகக் குறைந்த சம்பளம் மாதம் 1,000 றியால். கடவுச்சீட்டைப் பணியாளரிடமிருந்து பிடித்து வைப்பதும் அங்கே சட்டப்படி குற்றம். இவையெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டோம். ஒன்றும் தெரியாது. ஒப்பந்தம் எந்த மொழியில் இருந்தது என்று கேட்டோம். அரபும் இங்கிலிசும் என்றார். அவருக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது.

அவர் அங்கே போனது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. லயத்துக் கூரைக்குத் தகரம் போட, கடன் கட்ட, பிள்ளைக்கு ரியூஷன் காசு கொடுக்க அவருக்கு வேறு வழி காட்டியவர் யாருமில்லை. "தாய் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள்" என்று சொல்வது சுலபம். எங்களிலும் சிலர் மேற்படிப்புக்காகப் பிள்ளைகளைத் தாயாரிடம் விட்டுவிட்டு இங்கிலாந்தில் ஒரு வருடம், இரண்டு வருடம் இருந்தவர்கள். எங்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

இனி விண்ணப்பம். மூன்று விடயங்கள்.

முதலாவது, இந்தப் பாடசாலையிலும் அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகளிலும் தாய் வெளிநாட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பாசிரியைகளுக்குத் தெரியும். அதிபரின் அனுமதியோடு, பெயரை ஊரெல்லாம் பரப்பாமல், ஒரு பிள்ளைக்கு ஒரு பழைய மாணவி என்று பொறுப்பேற்போம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். காசு கொடுப்பது பிறகு. முதலில் அந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்கவும் அவள் கேள்விக்குப் பதில் சொல்லவும் ஓர் அக்கா வேண்டும். விடுதியில் இருந்த காலத்தில் நமக்கு அப்படி அக்காமார் இருந்தார்கள். வீட்டில் கேட்க வெட்கப்பட்டதையெல்லாம் அவர்களிடம்தான் கேட்டோம்.

இரண்டாவது, வளைகுடா நாடுகளில் இருக்கும் பழைய மாணவிகள் தம் பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய தியாகம் அல்ல. ஓர் ஒப்பந்தத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ வாசித்துச் சொல்வது, நம் தூதரகத்தின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுப்பது, வைத்தியசாலையில் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது. அங்கிருந்து யாராவது மருந்து கேட்டால், வைத்தியரின் கடிதம் இல்லாமல் அனுப்பாதீர்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மருந்துகள் அங்கே தடை செய்யப்பட்டவை, கொண்டுபோனவர் சிறைக்குப் போகலாம். போகும் பெண்களுக்கு மடித்து வைக்கக்கூடிய ஒற்றைத் தாளில் கடவுச்சீட்டு எண், இரத்த வகை, சாப்பிடும் மருந்து, ஒவ்வாத மருந்து, தூதரக எண், வீட்டு எண் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கும் வேலையை வைத்தியர்களான நாங்கள் ஏற்கிறோம். இன்று முதல் யார் வந்து கேட்டாலும் எழுதித் தருகிறோம்.

மூன்றாவது, நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை இந்தப் பிள்ளைகள் சாதாரண தரத்துக்குப் பிறகும் படிப்பதற்கு ஒதுக்க வேண்டும். பஸ் கட்டணம், சப்பாத்து, பாடப் புத்தகம், மதிய உணவு. ஒன்பது ஏ எடுத்தவளுக்குத்தான் என்று நிபந்தனை போட வேண்டாம். தம்பிக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு ஓடி வரும் பிள்ளை ஐந்து பாடம் சித்தியடைந்தாலே பெரிய காரியம். வாசலில் நம் பெயர் பொறித்த கல் வைப்பதற்கு முன்பு இதைச் செய்வோம் என்று நிர்வாகக் குழுவை மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

சகோதரிகளே, இந்த நூறு வருடத்தில் இந்தப் பாடசாலை எத்தனையோ பெண்களை உருவாக்கிவிட்டது. அவர்களில் பலர் முதன்முதலாகப் படித்தவர்கள். அவர்களுடைய தாய்மாருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. நாம் படித்ததற்காக யாரோ ஒரு பெண் கொழுந்துக் கூடை சுமந்தார், நகையை அடகு வைத்தார், பட்டினி கிடந்தார். இன்றைக்கு அதே காரணத்துக்காக ஒரு பெண் ஐந்து மணி நேரம் பறந்துபோய் வேறொருவரின் குழந்தையைச் சுமக்கிறார். அந்தச் சுமைக்குப் பலன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பகுதி அவர் கையில் இல்லை. இங்கே இருக்கும் நம் கையில் இருக்கிறது.

வாசலில் ஒரு மேசையில் கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், படித்த வருடம், தொலைபேசி எண், எந்தச் சனிக்கிழமை வசதி என்ற நான்கு நிரல்கள் அதில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த மேசை. பக்கத்திலேயே தோஹாவிலிருந்து கொண்டுவந்த ஏலக்காயும் பேரீச்சம்பழமும் இருக்கின்றன. கோப்பி நம் மலையில் விளைந்ததே. எழுதிவிட்டுக் குடியுங்கள்.